யாருக்கும் போய்ச் சேராத உதவித்தொகை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், அப்பாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். அந்த விஷயத்தைப் போனில் எடுத்தாலே நீ அழுகிறாய், நான் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அடுப்பில் ஒன்றும் இருப்பதில்லை. எழுதினால் நீ கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும், நடுவில் வைக்க முடியாது.

வீட்டு விஷயம் முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து நம் சமையலறைச் சுவரில் தண்ணீர் இறங்குகிறது, கேட்டால் மழைத் தண்ணீர் என்கிறார், மழை பெய்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியும். கொத்தனார் வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறார். நான் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றது இந்தத் தெருவுக்கு இன்னும் தெரியவில்லை, காலையில் பல் விளக்குவதற்குள் யாராவது ஒருவர் ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அலுப்பாக இருக்கிறது. எழுந்ததும் அலுப்பு, படுத்தால் தூக்கம் இல்லை, வயது என்று சொல்கிறார்கள், இருக்கட்டும்.

போன வாரம் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நன்கொடைப் பிரிவில் இருக்கும் அந்த அம்மா மூன்று முறை கூப்பிட்டுவிட்டார், உனக்கும் மின்னஞ்சல் அனுப்பினாராம், நீ பதில் போடவில்லையாம். பழைய நூலகத்துக்குப் பின்னால் ஒரு அறை, மின்விசிறி சுற்றினால் காகிதமெல்லாம் பறக்கும் என்று நிறுத்தியே வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும், மூச்சு விடாமல் பேசுகிறார். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்து தன் தகப்பனார் பெயரில் வாசல் வளைவு கட்டித் தருவேன் என்று பிடிவாதமாக நின்றார். அவரை அனுப்பிவிட்டு என்னிடம், "எல்லாரும் கட்டடம் தர்றாங்கம்மா, கட்டடத்தைக் கூட்டிப் பெருக்க யாரும் தர்றதில்ல" என்று பெருமூச்சு விட்டார். யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பெரிய இயந்திரம் ஒன்று ஆய்வுக்கூடத்தில் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறதாம், அதற்குள் ஊற்றும் திரவம் வாங்கக் காசில்லை. ஆனால் நல்லவர்களும் இருக்கிறார்கள். ஒரு கண்ணாடிக்கடைக்காரர் வருடம் ஒருமுறை வந்து பிள்ளைகளுக்குக் கண் பார்த்துவிட்டுப் போகிறார். பழைய மாணவர் ஒருவர் பணம் தரமுடியாது, நேரம் தருகிறேன் என்று சொல்லி, கடைசி வருடப் பிள்ளைகள் எழுதும் வேலை விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுக்கிறார். ஒரு ஓய்வுபெற்ற தட்டச்சர் அம்மா, தன் வீட்டைத் தன் காலத்துக்குப் பிறகு விடுதிக்கு என்று உயில் எழுதியிருக்கிறாராம். மாதாமாதம் சம்பளத்தில் சிறிது பிடிக்கச் சொன்ன ஊழியர்களும் உண்டு, அவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்களோ அதே அளவு அவர்கள் கம்பெனியும் கொடுக்கிறதாம். இதிலெல்லாம் அந்த அம்மாவுக்கு மிகவும் பிடித்தது, எதற்கு என்று கேட்காமல் தரும் பணம், அவசர நிதி என்கிறார்கள். திடீரென்று யாருக்காவது பஸ் பாஸ் போய்விட்டது, பல்வலி, வீட்டில் சாவு என்றால் அதிலிருந்துதான் எடுக்கிறார்களாம். பிறகு நம் விஷயத்துக்கு வந்தார். "உங்க உதவித்தொகைக்கு வருஷா வருஷம் நான் ஆள் தேடுறது வரன் தேடுற மாதிரி இருக்கும்மா, ஒண்ணு பொருந்தினா ஒண்ணு பொருந்த மாட்டேங்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அண்ணன் பெயரில் நாம் வைத்த பணம் இதுவரை ஒரு பிள்ளைக்கும் போய்ச் சேரவில்லை.

அதை எழுதிய நாள் உனக்கு நினைவிருக்கும். அவன் காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. காப்பீட்டில் வந்த பணத்தோடு உன் முதல் வருடச் சம்பளத்தையும் சேர்த்தாய். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நீ எழுதினாய், நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க நிலம் அளந்த மனிதர், நாலு பக்கமும் எல்லைக்கல் நடாமல் அவருக்கு ஒன்றும் முடிந்ததாகத் தோன்றாது. நிலவியல் துறையில் படிக்கவேண்டும். அரசுப் பள்ளியிலிருந்து வந்திருக்கவேண்டும். விடுதியில் தங்காமல் நகரத்துக்கு வெளியிலிருந்து பஸ்ஸில் வந்து போகவேண்டும். பல்கலைக்கழக ஹாக்கி அணியில் இருக்கவேண்டும். கடைசியாக, எல்லாப் பாடத்திலும் முதல் தடவையிலேயே தேறியிருக்கவேண்டும், "நம்ம பிள்ளை மாதிரி" என்றார். நீ தலை நிமிராமல் அதையும் எழுதினாய். உதவி யாருக்கு என்று எழுதுகிறோம் என நினைத்து நாம் அவனையே எழுதி வைத்துவிட்டோம். அப்படி ஒருவன்தான் இருந்தான், அவனும் இல்லை. ஒரு வருடம் எல்லாம் பொருந்திய பையன் விடுதியில் இருந்தானாம். இன்னொரு வருடம் வந்தவன் நீச்சல்காரனாம்.

இந்த வருடம் ஒரு பெண் இருக்கிறாள். சக மாணவர்கள் அவளைச் சுத்தியல் என்றுதான் கூப்பிடுகிறார்கள், பாறை உடைக்கும் சுத்தியலைப் பையிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாளாம், கண்டக்டர் ஒருநாள் இறக்கி விட்டுவிட்டாராம். ஹாக்கியில் கோல் காப்பவள். அவள் அப்பா லாரி ஓட்டுநர், விபத்தில் இடுப்பு எலும்பு போய்ப் படுத்திருக்கிறார். சாயங்காலம் பெட்ரோல் பங்கில் ரசீது போடுகிறாள். எல்லாம் பொருந்துகிறது, ஒன்றைத் தவிர. தகப்பன் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் தேர்வு வந்தது, ஒரு பாடம் போய்விட்டது, பிறகு எழுதித் தேறிவிட்டாள். ஆனால் நம் காகிதத்தில் முதல் தடவை என்று இருக்கிறது. மாதக் கடைசிக்குள் அடுத்த வருடக் கட்டணம் கட்டாவிட்டால் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள், பங்கில் முழுநேரமாக வரச்சொல்லி இப்போதே கேட்கிறார்களாம். நாமே தனியாகக் கொடுத்துவிடலாமே என்று நீ நினைப்பாய், நானும் நினைத்தேன். என் பென்ஷன் அப்பாவின் முழங்காலுக்கும் கண்ணுக்கும் போகிறது, கையில் இருந்ததை அவசர நிதியில் போட்டுவிட்டு வந்தேன், அது அவளுடைய தேர்வுக் கட்டணத்துக்குத்தான் காணும். நம் பணமோ அங்கே சும்மா படுத்திருக்கிறது. நிபந்தனையை மாற்ற நாம் மூன்று பேரும் கையெழுத்துப் போடவேண்டுமாம்.

நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று முன்பு கேட்டபோது நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஒவ்வொண்ணா அழிச்சா அண்ணனையே அழிக்கிற மாதிரிம்மா" என்றாய். அதை மனதில் போட்டுக்கொண்டே உன் அண்ணன் படித்த துறைப்பக்கம் நடந்தேன். அவன் குறுந்தாடி என்று பெயர் வைத்திருந்த ஆசிரியர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், தாடி நரைத்துவிட்டது, என்னை அடையாளம் தெரிந்து நாற்காலி இழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குப் போன படிகவியல் என்கிற அந்தப் பாடத்தில் வருடா வருடம் பாதி வகுப்பு கவிழ்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு, "இப்ப உங்க பையனே வந்து விண்ணப்பிச்சாலும் இது கிடைக்காதும்மா, அவனும் இதுல பெயிலாகித்தானே ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி எழுதித் தேறினான்" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். உங்க பொண்ணுதானே கூட வந்து மறுதேர்வுக்குப் பணம் கட்டிச்சு" என்றார். தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். உன்மேல் கோபம் இல்லை கண்ணு. அன்றைக்கு மேசையில் அப்பா அப்படிப் பெருமையாகச் சொன்னபோது நீ ஏன் தலை நிமிராமல் எழுதினாய் என்பது புரிந்தது. இப்போது ஏன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாய் என்பதும் பாதி புரிந்தது. அந்த வரியை எடுத்தால் ஏன் என்று அப்பா கேட்பார், நீ சொல்லவேண்டி வரும். இத்தனை வருடம் தனியாகவே அதைச் சுமந்திருக்கிறாய்.

அதனால் அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்துச் சொன்னேன், முழங்காலுக்குச் சூடு வைக்கும் இடத்தில், விளக்குக்கு அடியில் கால் நீட்டிப் படுத்திருந்தார். சிகிச்சை செய்யும் பையன் வலிக்கிறதா என்று கேட்டதற்கு மட்டும் இல்லை என்றார். பிறகு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "எந்தப் பாடம்?" என்றார். சொன்னேன். "அப்புறம் தேறிட்டானா?" என்றார். இரண்டு மாதம் கழித்து எழுதித் தேறிவிட்டான் என்றேன். எங்கள் பஸ் வந்தது, ஏறவில்லை, அடுத்ததும் போனது. "ரெண்டு மாசம் என் எதிர்ல உக்காந்துதானேடி சாப்பிட்டிருப்பான், நான் என்ன பேயா பிசாசா, சொன்னா தின்னுடுவேனா?" என்றார். நான் பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். மறுநாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக நிற்கிறார், பல்கலைக்கழகம் போகவேண்டுமாம். அந்த அறையில் உட்கார்ந்து நம் காகிதத்தை வாங்கி, ஒரு வரியை அடிக்கப் போனவர் நிறுத்தவே இல்லை, பஸ், பள்ளிக்கூடம், ஹாக்கி எல்லாவற்றையும் அடித்துவிட்டு நிலவியலை மட்டும் விட்டார். அதோடு விட்டாரா, ஒரு தடவை தோற்று மறுபடி எழுதினவர்களுக்கு முதலிடம் என்று புதிதாக ஒன்று சேர்க்கச் சொன்னார். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, மறுபடியும் வேலி போடாதீங்க ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். அப்பா அந்த வரியை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார், பக்கத்தில் நானும் போட்டேன். அந்தப் பெண்ணிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கிடைக்கும் என்று சொல்லிவிட்டுக் கிடைக்காமல் போனால் அந்தப் பாவம் வேண்டாம்.

இப்போது பாக்கி இருப்பது உன் கையெழுத்து ஒன்றுதான். போடு என்று நான் கட்டாயப்படுத்தவில்லை, களைத்துவிட்டேன், கட்டாயப்படுத்தும் தெம்பும் இல்லை. அழிந்துவிடுவான் என்று நீ பயந்தாயே, நடந்தது வேறு. அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா, அவனைப் பற்றித் தான் கேட்காத கதை ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறதே என்றார். இத்தனை வருடமாகத் தெரிந்ததையே திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டிருந்த மனிதர். அந்த இரண்டு மாதம் அவன் எங்கே உட்கார்ந்து படித்தான், வீட்டில் என்ன பொய் சொன்னீர்கள், மறுதேர்வுக்குக் காசு யார் கையிலிருந்து வந்தது, முடிவு வந்த அன்றைக்கு அண்ணனும் தங்கையும் எங்கே போனீர்கள், எல்லாம் உன்னிடம் கேட்கவேண்டும் என்று காத்திருக்கிறார். வழக்கமாக நீ கூப்பிட்டால் நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு என்னிடம் போனைத் தந்துவிடுவாரே, இந்த ஞாயிற்றுக்கிழமை தரமாட்டார் போலிருக்கிறது. மெதுவாகச் சொல், அவசரப்படாதே, ஒரு காது சரியாகக் கேட்பதில்லை.

குட்டிப்பயலுக்கு இருமல் மருந்தை நீயாக வாங்கிக் கொடுக்காதே, டாக்டரிடம் காட்டு. நீ வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்களோடு இருக்கும். அந்த அம்மா அனுப்பிய மின்னஞ்சலைத் தேடி எடுத்துப் பார், மாதக் கடைசி தாண்டிவிட்டால் பயனில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா

பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டு, தேர்வு வந்த மாதங்களை விரல் விட்டு எண்ணி, இரண்டு மாதம் இல்லை, மூன்று மாதம் என்கிறார் உன் அப்பா. எது சரி என்று நீதான் சொல்லவேண்டும்.