ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் குழந்தைகளும் நலம்தானே? இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போன மாதம் நான் உனக்கு அனுப்பிய பார்சலில் வைத்த வலி மாத்திரையைத் தொடாதே என்று காலையில் போனில் கத்தினேன். ஏன் என்றாய், காரணத்தைச் சொல்லாமல் மழுப்பினேன். நீயோ, "சரிக்கா, முட்டி வலி தாங்கலேன்னா மட்டும் ஒண்ணு போட்டுக்கறேன்" என்றாய். அதனால்தான் எழுதி, படம் பிடித்து இப்போதே அனுப்புகிறேன்.

நம்மோடு பிறந்த சின்னவள் வயிற்றுப் புண்ணால் போனாள் என்று உன்னிடம் சொன்னது பாதி உண்மைதான். அந்தப் புண்ணை வரவழைத்தவள் நான்.

என் இடுப்பு வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அது. போட்டுக்கொண்டால் தையல் மெஷினில் பத்து மணி நேரம் குனிந்தாலும் தெரியாது. துணிக்கட்டு தூக்கித் தூக்கி அவளுக்குத் தோள் வலி. டாக்டரிடம் போகிறேன் என்றவளை, "எதுக்குடி வீண் அலைச்சல்? ஒரே வயித்துல பொறந்தோம், எனக்குக் கேக்கறது உனக்குக் கேக்காதா?" என்று தடுத்து, அட்டையை அவள் பையில் திணித்தேன். நாலாம் நாள் வயிற்றைப் பிசைகிறது என்றாள். ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிறவள் ஆயிற்றே, நாடகம் போடாதே என்று சிரித்தேன், பாவி. பத்தாம் நாள் வேலை செய்யும் இடத்திலேயே கறுப்பாக வாந்தி எடுத்து விழுந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் விளக்கினார். மருந்தை உடைத்து வெளியேற்றுவதற்கென்று உடம்பில் ஒரு மரபணு உண்டாம். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வரும். சின்னவளுக்கு இரண்டுமே மந்தம். எனக்கு அன்றன்றே கழிந்த மருந்து அவளுக்குள் தேங்கி வயிற்றை அரித்திருக்கிறது. எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்டு அழத்தான் முடிந்தது. தம்பிக்கு எப்படி என்று கேட்டேன், பார்த்தால்தான் தெரியும் என்றார். ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது, இது எனக்கு உறைக்கவில்லையே.

டாக்டர் எழுதிய சீட்டையும் அனுப்பியிருக்கிறேன். அங்கே காட்டி உடனே பரிசோதனை செய்துகொள். என்னைத் திட்டு, பேசாமல் இரு, தங்கையைக் கொன்றவள் என்று நாலு பேரிடம் சொல், தாங்கிக்கொள்கிறேன். அக்கா கொடுத்தது என்று நம்பி மட்டும் இனி எதையும் வாயில் போடாதே சாமி. நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இன்னும் அப்படிக் கூப்பிட மனமிருந்தால்,
உன் அக்கா