ஆளும் வாளியும் நூறு கிலோ

மார்ச் 4

இன்று காலை எங்கள் எல்லோரையும் தராசில் ஏற்றினார் மேற்பார்வையாளர். புதுக் கயிறு வந்திருக்கிறது. ஆளும் வாளியும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டக் கூடாதாம். வாளி, தண்ணீர், சாமான் எல்லாம் பத்து. ஆக, ஆளுக்குத் தொண்ணூறு. நான் தொண்ணூற்றேழு.

“ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள குறைச்சிடுங்க. இல்லேன்னா கீழதான் வேலை” என்றார். பதினெட்டு வருடமாக உயரக் கட்டடங்களில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறவன் நான். கீழே நின்று, போகிற வருகிறவர்களிடம் “தள்ளிப் போங்க” என்று சொல்லிக்கொண்டிருப்பதா?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “அப்படியா?” என்றாள். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனதை நான் பார்த்துவிட்டேன். நான் கயிற்றில் ஏறுவது அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

மார்ச் 6

மருத்துவமனையில் உணவு ஆலோசகரைப் பார்த்தோம். சின்னப் பெண். காலையில் முட்டை, மதியம் தட்டில் பாதி காய்கறி, கூடவே பயறு, சாயங்காலம் பழம். வாரத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் குறைந்தால் போதுமாம். எடை குறைக்க வந்தவனைச் சாப்பிடச் சொல்கிற வைத்தியம் எங்கேயாவது உண்டா? இவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். எழுந்து வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். எதற்குச் சிரிப்பு?

மார்ச் 10

மூன்றடுக்குச் சாப்பாட்டுப் பெட்டி வாங்கி வந்திருக்கிறாள். இத்தனை வருடமாக இல்லாத அக்கறை!

மார்ச் 11

புரிந்துவிட்டது. என்னைக் கொழுக்க வைத்துத் தரையில் இறக்கப் பார்க்கிறாள். நானா ஏமாறுவேன்?

பெட்டியைத் தொப்பையிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த கயிற்றில் தொங்குகிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. குள்ளம், ஆனாலும் எண்பத்தெட்டு கிலோ. “அண்ணே, அண்ணி கைப்பக்குவமே தனி” என்று வழித்துத் தின்றான். இனி எனக்குக் காலையில் வெறும் தேநீர். மதியம் அதுவும் இல்லை.

மார்ச் 19

பசி உயிர் போகிறது. வேலை முடிந்ததும் பேக்கரியில் மூன்று பன், ஒரு பொட்டலம் பிஸ்கட். அதனால் என்ன, பகல் முழுக்கப் பட்டினிதானே கிடந்தேன்.

மார்ச் 27

தொண்ணூற்றேழரை. பட்டினி கிடக்கிறவனுக்கு எடை ஏறுமா? தேநீரில் எதையோ கலக்கிறாள். நாளையிலிருந்து தேநீரும் கடையில்தான்.

ஏப்ரல் 3

ஒன்பதாவது மாடி. திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையிலிருந்த துடைப்பான் நழுவிக் கீழே போனது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. தொப்பை எட்டி என் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, என்னைப் பாருங்க. கண்ணை மூடாதீங்க, அண்ணே!”

செத்திருப்பேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் இதையே பிடித்துக்கொள்வாள்.

ஏப்ரல் 15

தொண்ணூற்றெட்டு.

தராசு கோளாறு என்றேன். மேற்பார்வையாளர் தானே ஏறி நின்று காட்டினார். பிறகு தொப்பை ஏறினான். எண்பத்து நாலு!

“என்னடா பண்ணின? மருந்து ஏதாவது?”

“மருந்தா? உங்க பெட்டிதாண்ணே. மத்தியானம் அதைச் சாப்பிட்டா ராத்திரி வரைக்கும் பசியே எடுக்கல. வடை, பஜ்ஜின்னு கடை கடையா அலைஞ்சது தானா நின்னுபோச்சு.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. மூன்று மாதம் தரையில். அடுத்த தராசு ஜூலை பதினைந்து.

ஏப்ரல் 16

அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — பெட்டி, தேநீர், மயக்கம். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“நீங்க கீழ வந்துடணும்னு நான் நெனச்சது நெசம்தாங்க. தெனமும் நெனச்சேன். அதுக்காகச் சோத்துல சூது பண்ணுவேனா?”

ச்சே. நானெல்லாம் ஒரு மனுஷனா?

ஏப்ரல் 17

காலையில் இரண்டு முட்டை. கடைசி வாய் இறங்கும்வரை எதிரிலேயே நின்றாள்.

மே 20

தொண்ணூற்றைந்து. நானும் தொப்பையும் ஆளுக்கொரு பெட்டி. இன்று பயறில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஏன், ஒருவேளை — சீ, என் புத்தி போகுமா!

நான் தரையில் நிற்பதால் அவள் முன்புபோல் மத்தியானம் போன் செய்து “எங்க இருக்கீங்க?” என்று கேட்பதில்லை. முகத்தில் ஒரு தெளிச்சி. இன்னும் ஐந்து கிலோதான் மிச்சம், அதைக் குறையவிடாமல் என்ன செய்வாள் பார்க்கலாம் என்றும் தோன்றியது. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் தோன்றியது.

ஜூன் 24

தொண்ணூற்றொன்று. அவள் எதையும் மாற்றவில்லை. அதே காய், அதே பயறு.

ஜூலை 15

எண்பத்தொன்பதரை. மேற்பார்வையாளர் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாளை பதினோராவது மாடி.

வீட்டுக்கு வந்து சீட்டை நீட்டினேன். இரண்டு முறை படித்தாள். “நல்லதுங்க” என்றாள். அப்புறம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “கொஞ்சம் எண்ணெயைக் கூட்டி ஊத்தியிருந்தா போதுமே” என்றேன்.

“தெனமும் எண்ணெய்ப் பக்கம் கை போச்சுங்க” என்றாள். “தெனமும் இழுத்துக்கிட்டேன்.”