மூன்று பேருக்கு ஒரு டிவி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

டிவி விஷயம். உசந்த விலையும் வேண்டாம், அடிமட்டமும் வேண்டாம். நடுத்தரத்தில் நாற்பத்து மூன்று இஞ்ச் வாங்குங்கள். "ரெண்டு கிழடுகளுக்கு எதுக்குடா அவ்ளோ பெருசு?" என்று அப்பா போனில் கத்தினார். அவரிடம் சொல்லாத காரணத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

பட்டறையில் இரும்பு அறுக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்து, போட்ட கோடு தெரியாது. உடனே அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவோம். "கண்ணாடி கண்ணுக்கா, நெத்திக்கா?" என்று மேஸ்திரி தினமும் கேலி செய்வார். மூன்று வாரம் முன்னால் இரும்புத் துண்டு ஒன்று தெறித்து என் கண்ணில் பாய்ந்தது. அன்றைக்கும் கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இடது கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதத்தை அந்தக் கண்ணை வைத்துத்தான் எழுதுகிறேன். வரி கோணலாகப் போயிருந்தால் திட்டாதீர்கள்.

ஒற்றைக் கண்ணனுக்கு இங்கே வேலை இல்லையாம். அடுத்த மாதம் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்பாவிடம், டிவி மூன்று பேருக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

மருந்து விட நர்ஸ் வந்துவிட்டார். என் நாற்காலியை வலது ஓரத்தில் போடுங்கள், அம்மா. அப்போதுதான் டிவி பார்க்கும்போது இடது கண்ணால் உங்கள் இரண்டு பேரையும் பார்க்க முடியும்.

உங்கள் மகன்