ஆற்று ஓடத்துக்கு வந்த கடற் சட்டம்

கலவான,
சித்திரை 1934

அன்புள்ள மகன் ஆனந்தராசாவுக்கு,

பிள்ளையார் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், உன் தங்கச்சி குணேஸ்வரி பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கிறாள், அவளும் சுகம், நான் பார்க்கிற தேயிலை ஃபாக்டரி எஞ்சினும் இந்த மாதம் என் மானத்தை வாங்கவில்லை. நீயும் சுகமாகத்தான் இருப்பாய், உடம்பு முடியாத ஆளுக்கு உன் அரசாங்கக் கந்தோர் செய்கிற வேலையைச் செய்யத் தெம்பு வராது.

உங்கள் கடற்பிரயாணப் பாதுகாப்புக் கமிட்டியின் கட்டளை எங்கள் மலைக்கு ஏறி வந்துவிட்டது. துறைமுகத்தார், ரோட்டுக்காரர், சுங்கத்தார் எல்லாரையும் ஒரே வாயால் பேச வைக்கத்தான் அந்தக் கமிட்டி என்று போன முறை பெருமையாக எழுதியிருந்தாய். நல்ல எண்ணம்தான், கப்பல் தாழ்ந்தால் சனம் சாகும், மறுக்கவில்லை. ஆனால் ஆட்களை ஏற்றும் எல்லா மிதவைக்கும் இந்தச் சட்டம் என்று எழுதிய மூளை யாருடையது? உன்னுடையது என்றால் உனக்குக் கணக்குப் படிப்பித்த நான்தான் வெட்கப்பட வேண்டும். தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் உள்ள ஆற்றிலே, இரண்டு தோணியைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டு ஆள் ஏற்றும் ஓடக்காரன் லாபிரின் ஓடம் இப்போது சட்டப்படி கப்பல்.

போன கிழமை ஒரு இன்ஸ்பெக்டர் சப்பாத்தோடு சேற்றில் இறங்கி வந்தார். கப்பலுக்கு வழி காட்டும் கிட்டிய வெளிச்சவீடு எவ்வளவு தூரம் என்று கேட்டார், லாபிர் என்னைப் பார்த்து, ஐயா, நான் கடலையே கண்டில்ல, இவர் எந்த ஊட்டைக் கேக்குறார் என்றான். அலையின் உயரம் என்ன என்றார், எருமை எறங்கினாக் கொஞ்சம் இருக்கும் தொரே என்றான். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஊதுகுழலும் தக்கை மிதவையும் இல்லை என்று ஓடத்தைச் சங்கிலியால் கட்டிப் பூட்டிவிட்டார். கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள், ஏங்க, கப்பல் எப்பங்க கெளம்புது, சீமைக்கா கலவானைக்கா என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர்களும் இப்போது பாலத்தைச் சுற்றி ஐந்து மைல் நடக்கிறார்கள், சிரிப்பு நின்றுவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. மண்ணெண்ணெய்த் தகரங்களை ஈயம் பற்றவைத்து அடைத்து, கயிறு கோத்து மிதவை செய்து, நானே கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் முன்னால் ஆற்றில் குதித்தேன். நெஞ்சளவுக்கு மிதந்தேன். அவர் கரையில் நின்று, மிதக்கிறீர்கள், ஆனால் மிதக்கிறீர்கள் என்று எழுத எனக்கு அதிகாரமில்லை என்றார். துறைமுகத்தாரைக் கேட்டால் ஆறு எங்களுடையதில்லை என்கிறார்கள், ரோட்டுக்காரர் தண்ணீர் எங்களுடையதில்லை என்கிறார்கள். இரண்டு பேரும் இணங்கும் வரை பூட்டுத் திறக்கக் கூடாதாம், அதற்குக் கமிட்டி கூட வேண்டுமாம்.

இதற்குள் மழை தொடங்கப் போகிறது, தங்கச்சிக்கும் நாள் கிட்டிவிட்டது. சுற்றுப் பாதை வெள்ளத்தில் மூழ்கும், வண்டி போகாது. அம்மா நேற்றுச் சோற்றைப் போட்டுவிட்டு, பிள்ளைக்குப் பிரசவ நோ எடுத்தா உங்கட மோன்ர கமிட்டி கூடுமட்டும் பொறுக்கச் சொல்லுவீங்களோ என்று கேட்டாள். கேள்வி சரி. ஆகவே நீ உன் பெரிய துரையிடம் நேரே போ, வளைந்து குழைந்து நிற்காதே, விஷயத்தைச் சொல், வியாழனுக்குள் உத்தரவு வாங்கித் தந்தியடி. வராவிட்டால் வெள்ளி காலை பட்டறை அரத்தால் சங்கிலியை நானே அறுத்து, தகர மிதவைகளைக் கட்டி ஓடத்தை விடுவேன். லாபிர் மேல் குற்றமில்லை, பொறுப்பு என்னுடையது என்று இன்ஸ்பெக்டரிடமும் சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கடற்காற்றில் தலை நனைந்தபடி நிற்காதே, கதிர்காமத்தான் உன்னைக் காக்கட்டும். வேலை போய்விடுமோ என்று பயப்படாதே. நான் ஆற்றுக் குற்றவாளியா, கடற் குற்றவாளியா, ரோட்டுக் குற்றவாளியா என்று அவர்கள் எல்லாரும் கூடி ஒரே வாயால் சொல்லி முடிப்பதற்குள், உன் தங்கச்சி பெறப்போகும் மருமகப்பிள்ளை நடக்கத் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா
விசுவலிங்கம்