கூரை திறந்த காரும் குடிக்காத காபியும்

ஸல்த்,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகள் ருபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் மாப்பிள்ளை ஹைஸமுக்கும் இறைவன் குறைவில்லாத உடல்நலத்தைத் தரட்டும். நான் இங்கே நலம். வெறுமனே நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். இருமல் போய்விட்டது. முழங்கால் வலி போகவில்லை, அது போகாது. படபடப்பு இருக்கிறதென்று டாக்டர் காபியை நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டேன். இந்த ஊரில் காபி குடிக்காமல் இருப்பவனை நோயாளி என்று யாரும் நினைப்பதில்லை, சண்டைக்காரன் என்றுதான் நினைக்கிறார்கள். அதனால் வந்த வினையைப் பிறகு எழுதுகிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் நீ "காரை வித்தாச்சாப்பா?" என்கிறாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தால் பின்னாலிருந்து மாப்பிள்ளை "மாமா, நல்ல விலை வருது, விட்டுடாதீங்க" என்கிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகையால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

உன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. போன குளிர்காலத்தில் கொட்டும் மழையில் கூரை மூடாமல் சிக்கிக்கொண்டு, நான் தொப்பலாக நனைந்து, நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீ வேலையை விட்டுவிட்டு ஸ்வீடனிலிருந்து ஓடிவந்தாய். படுக்கையருகே உட்கார்ந்து, "அம்மாவைக் கொடுத்தாச்சு. உங்களையும் ஒரு பழைய இரும்புக்குக் கொடுக்கணுமா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் கார் உன்னைவிட வயதில் மூத்தது. ஏற்றம் கண்டால் கொதிக்கும், இறக்கம் கண்டால் முனகும். முப்பது வருடம் இந்த ஊராருக்கு ஓட்டுநர் தேர்வு வைத்துப் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியவன் நான். இப்போது நான் நடுரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது அவர்கள் ஜன்னலை இறக்கி, "என்ன சார், இன்னைக்கும் ஃபெயிலா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்கட்டும், அது அவர்களுடைய உரிமை.

மாப்பிள்ளை ஏற்பாடு செய்த ஆள் வியாழக்கிழமை தலைநகர் அம்மானிலிருந்து காரைப் பார்க்க வருகிறான். விற்பதா, வைத்துக்கொள்வதா என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டும். உனக்குத் தெரியாத ஒரு சங்கதி நடுவில் நடந்திருப்பதால் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஹாஜி மிஃப்லிஹின் பேத்திக்குக் கல்யாணம். நம் தெருவில் எந்தப் பெண் புகுந்த வீடு போனாலும் நம் காரில்தானே போகிறாள். ரிப்பன் கட்டி, ரோஜாப்பூ ஒட்டி, கூரையைத் திறந்து, பின்னால் இருபது வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வர, பெண்ணைக் கீழே ஷூனாவில் கொண்டுபோய் இறக்கினேன். போகும்போது இறக்கம், ஒரு குறையுமில்லை. திரும்பும்போது ஹாஜியும் அவருடைய தம்பியும் என்னோடு ஏறிக்கொண்டார்கள். ஷுஐப் பள்ளத்தாக்கு ஏற்றத்தில், வழக்கமான அந்த வளைவில், கார் வழக்கம்போல ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

அந்த வளைவில் ஒரு நாற்றுப் பண்ணை இருக்கிறது. ஃபவ்வாஸ் என்பவனும் அவன் தங்கை இன்ஸாஃபும் நடத்துகிறார்கள். இன்ஸாஃப் கணவரை இழந்து பல வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. பக்கத்திலேயே ஊற்று இருப்பதால், கார் கொதிக்கும்போதெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவது அந்த அம்மாதான். மூன்று கோடையாக இது நடக்கிறது. ஒருகாலத்தில் அவரை நான் இரண்டு முறை தேர்வில் ஃபெயில் போட்டிருக்கிறேன், ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கத் தெரியவில்லை என்று. மூன்றாம் முறைதான் பாஸ். முதல் தடவை கார் அங்கே நின்றபோது குடத்தோடு வந்தவர், என்னை அடையாளம் கண்டுகொண்டு, "எனக்கு ஏத்தத்துல நிறுத்தத் தெரியலன்னு எழுதினீங்க. உங்க காரு எவ்வளவு அழகா நிறுத்துது பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அம்மா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஃபவ்வாஸ் எங்களை உள்ளே அழைத்து நாற்காலி போட்டான். கோட்டு சூட்டில் நான், பொன் கரை வைத்த அங்கியில் ஹாஜி, வெள்ளைத் தலைத்துணியில் அவர் தம்பி. வாசலில் பூவும் ரிப்பனுமாகக் கார். ஃபவ்வாஸ் காபிக் கூஜாவைக் கொண்டுவந்து, முதல் கோப்பையை எனக்கு ஊற்றிக் கொடுத்தான். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று சொன்னால் அவமதிப்பு. ஆகவே வாங்கி, வாயில் வைக்காமல், முன்னால் இருந்த முக்காலியில் வைத்துவிட்டேன். நான் வைத்ததைப் பார்த்து, மரியாதைக்காக, ஹாஜியும் வைத்துவிட்டார். அண்ணன் வைத்தபின் தம்பி குடிப்பாரா?

நீ சிரிக்க ஆரம்பித்திருப்பாய். உன்னைப் பெண் கேட்டு வந்தபோது உன் மாமனார் வீட்டு ஆட்கள் கோப்பைகளைத் தொடாமல் கீழே வைத்துவிட்டு, 'கேட்டதைக் கொடுத்தால்தான் குடிப்போம்' என்று உட்கார்ந்திருந்தார்களே. நான் வேண்டுமென்றே காபியை ஆறவிட்டேன் என்று இன்றுவரை உன் மாமியார் சொல்லிக்காட்டுகிறாள். அத்தனை பெண் கேட்கும் சபைகளில் உட்கார்ந்து எழுந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லையே. நான் ரேடியேட்டரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஃபவ்வாஸ் கோப்பைகளைப் பார்த்தான், பெரியவர்களைப் பார்த்தான், காரைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. கூஜாவை வைத்துவிட்டு உள்ளே போனான். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது தலையில் துண்டைச் சரியாகக் கட்டியிருந்தான். என் முன்னால் நின்று, "ருபா அப்பா, காபியைக் குடிங்க. நீங்க கேக்க வந்தது உங்களுக்குத்தான். தங்கச்சிகிட்டயும் கேட்டுட்டேன்" என்றான்.

ஹாஜி பெரிய ஆள். ஒரு நொடியில் விளங்கிக்கொண்டு, தாடிக்குள் சிரித்துக்கொண்டே, "அல்ஹம்துலில்லாஹ், நல்ல நேரத்துலதான் வண்டி நின்னிருக்கு" என்றார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, இல்லை பழம் எப்போது விழும் என்று காக்கை மூன்று வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்ததா, நீயே சொல்.

"ஐயா, டாக்டர் காபி வேண்டாமென்றார், அவ்வளவுதான்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது நாற்றுகளுக்கு நடுவே இன்ஸாஃப் நிற்பதைப் பார்த்தேன். கையில் தண்ணீர்க் குழாய். தண்ணீர் செடிக்குப் போகாமல் அவர் செருப்பில் கொட்டிக்கொண்டிருந்தது, அவருக்கு அது தெரியவே இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு டாக்டர் பேச்சை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது மட்டுமில்லை ருபா, அது பொய்யாகவும் இருந்திருக்கும்.

"என் மகளைக் கேக்காம இந்தக் கோப்பையைத் தொடமாட்டேன்" என்றேன். ஃபவ்வாஸ் "நியாயம்" என்றான். கோப்பை அப்படியே முக்காலியில் இருந்தது. புறப்படும்போது ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இன்ஸாஃப் வந்தார். குனிந்த தலை நிமிராமல், "ரொம்பப் பெருமைப்பட்டுக்காதீங்க. குடம் தூக்கித் தூக்கி எனக்குக் கை ஓஞ்சு போச்சு. காரையும் ஆளையும் வீட்டோட வச்சுக்கிட்டா நடையாவது மிச்சம்னுதான் சரின்னேன்" என்றார். ஹாஜி மலை ஏறும் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

இத்தனையும் எழுதிவிட்டேன். மீதியை அந்த அம்மான் ஆள் வந்துபோன பிறகு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை.

அவன் வந்துபோய்விட்டான். நல்ல பையன், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் கேட்கிறான். நேற்றே காரை ஸுவைலிஹ் மெக்கானிக் ஜான்பெக்கிடம் காட்டி ரேடியேட்டரை மாற்றியிருந்தேன். கொதிக்கிற காரை ஒருவன் தலையில் கட்டக் கூடாது இல்லையா. ஜான்பெக் பழைய ரேடியேட்டரை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, "இதோட ஓடினது காரு இல்ல சார், உங்க பிடிவாதம்" என்றான்.

பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கீழே போய் மறுபடி ஏறினேன். கார் மூச்சு வாங்காமல் ஏறியது. அந்த வளைவு வந்தது. சத்தத்தைக் கேட்டு இன்ஸாஃப் குடத்தோடு ரோட்டோரம் வந்து நின்றிருந்தார். கார் நிற்கவில்லை. வாங்க வந்தவன் பக்கத்தில் இருக்கிறான், எந்தக் காரணத்தைச் சொல்லி நிறுத்துவேன்? தாண்டிப் போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். நல்ல கார் ஓட்டுவது இவ்வளவு துக்கமான காரியம் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பையனுக்குக் காபி ஊற்றினேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, காரைத் தர்றேன்னு சொன்னாத்தான் குடிப்பேன்" என்றான். வாசலேறி வந்தவன் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லலாமா? நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னேன்: "தம்பி, நான் தொடாம வச்சுட்டு வந்த கோப்பை ஒண்ணு மலைக்குக் கீழ இருக்கு. அது முடியாம உன் கோப்பைக்கு நான் பதில் சொல்ல முடியாது. ரெண்டுக்கும் என் மகதான் தீர்ப்புச் சொல்லணும்." அவனுக்கு விளங்கிவிட்டது. பிறகு கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அப்ப காரு கிடைக்காது. கல்யாணத்துக்காவது கூப்பிடுங்க" என்றான். இருந்தாலும் உன் பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவனை வழியனுப்பிவிட்டு மறுபடி வளைவுக்குப் போனேன். இந்த முறை கார் நிற்கவில்லை, நான் நிறுத்தினேன். ஏற்றத்தில் சுத்தமாக நிறுத்தினேன், சொந்தப் பெருமைக்குச் சொல்கிறேன். இன்ஸாஃப் எட்டிப் பார்த்துவிட்டு, "புகையக் காணோமே, எதுக்கு நின்னீங்க?" என்று கேட்டார். சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தேன். அவர் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய், உனக்கென்று ஒரு பொட்டலம் ஸாத்தர் மூலிகை கட்டிக்கொண்டு வந்தார். கடிதத்தோடு அதையும் அனுப்புகிறேன். பிடிக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிடாதே, யாருக்காவது கொடு.

ருபா, உன் அம்மாவின் இடத்தில் யாரும் உட்கார முடியாது, உட்காரவும் போவதில்லை. அவள் பெயரைச் சொல்லாமல் ஒரு நாளும் எனக்கு விடிவதில்லை. ஆனால் வீட்டில் சத்தமே இல்லையம்மா. ரேடியோவை நான் கேட்பதற்காகப் போடுவதில்லை. கதவைத் திறந்து உள்ளே வரும்போது யாரோ பேசுவது காதில் விழட்டும் என்று போட்டுவைத்துவிட்டுப் போகிறேன். இதை உன்னிடம் போனில் எப்படிச் சொல்வது?

காரைப் பற்றி உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். மழைக்காலம் முழுவதும் அதைத் தொடமாட்டேன். நாற்றுப் பண்ணைக் கொட்டகையில் போர்த்தி வைக்க ஃபவ்வாஸ் இடம் தருகிறான். கூரையை மூடும் மோட்டாரைப் புதிதாக மாற்றப்போகிறேன். தொலைவாகப் போனால் தனியாகப் போகமாட்டேன். மூன்றாம் முறையில் நானே பாஸ் போட்ட ஓட்டுநர் ஒருவர் கூட வருவார்.

நீ நிறைய எழுத வேண்டாம். உனக்கு வேலை அதிகம், எனக்குத் தெரியும். காரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுது. 'வித்துடுங்க' என்று வந்தால் அந்தப் பையனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவேன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், உன்மேல் வருத்தமும் இருக்காது. அதற்குப் பிறகு அந்த வளைவில் எனக்கு நிற்கவேண்டிய வேலை இல்லை. 'இருக்கட்டும்' என்று வந்தால் வெள்ளிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஹாஜியையும் ஏற்றிக்கொண்டு, கூரையைத் திறந்து கீழே போவேன். புதுக் காபி ஊற்றித் தருவதாக ஃபவ்வாஸ் சொல்லியிருக்கிறான்.

இறைவன் உன் வீட்டில் பேச்சுச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் என்றும் குறையாமல் வைக்கட்டும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அப்பா.

பி.கு.: படபடப்பை நினைத்துக் கவலைப்படாதே. ஒரே ஒரு கோப்பை குடிக்கலாமா என்று டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டேன். குடிக்கலாமாம்.