கண்டது ஒரு பக்கம், நினைத்தது ஒரு பக்கம்

ஜூலை 2, புதன்

எழுத்து மேலும் கீழுமாக ஓடுகிறது. நாளைக்கு இதை எடுத்துப் படிக்கப்போகும் லோகநாதா, பொறுத்துக்கொள். அறுபத்தெட்டு வயதில் பேனா பிடித்திருக்கிறாய். அதுவும் நான்கு விரல் கையால். இவ்வளவு எழுதவே அரை மணி ஆயிற்று. இருந்தாலும் என்ன ஒரு சந்தோஷம்! இன்று பஸ்ஸில் கடை போர்டுகளைப் படித்துக்கொண்டே போய், கல்மண்டபத்தில் இறங்காமல் விட்டுவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் முதியோர் மாலை வகுப்பு. மகிமா டீச்சர் அதே பள்ளியில் பகலில் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுப்பவர். பகல் பாடத்தில் கொஞ்சம் எங்களுக்கும் கொடுத்தார். என் வலது கையைத் தூக்கச் சொல்லி, இவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஹார்பர் கிரேனில் விரல் போய்விட்டது என்றார்கள். கூடப் படிக்கும் காஜா மொய்தீன் கயிறு அறுந்த கதையைக்கூடச் சொல்லிவிட்டான். நான் பிறந்ததே இப்படித்தான் என்றேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

“விரல் நாலு. அது நீங்க பார்த்தது. கிரேன், நீங்க நினைச்சது” என்றார் டீச்சர். முன்னதற்கு உற்றுநோக்கல் என்று பெயர், பின்னதற்கு ஊகம். நோட்டில் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் கண்டதையும் வலப்பக்கம் நினைத்ததையும் எழுதச் சொன்னார். காதில் விழுந்ததும் மூக்கில் ஏறியதும் கண்டதோடுதான் சேர்த்தி.

நல்ல விளையாட்டு.

ஜூலை 8, செவ்வாய்

கண்டது: மகள் செங்கொடி வேலை முடிந்து வந்தாள். கண் இரண்டும் சிவந்திருக்கின்றன.

நினைத்தது: மாப்பிள்ளை ரெஜியோடு சண்டை. அழுதிருக்கிறாள்.

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து ரெஜியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு ஹஃப்சா தண்ணீர் பிடிக்க வந்தாள். செங்கொடியோடு அதே ஷெட்டில் இறால் உரிப்பவள். அவள் கண்ணும் அதே சிவப்பு. ரெஜி இவளோடுமா சண்டை போட்டான்? நேற்றைய வலப்பக்கத்தை அடித்துவிட்டேன். ரெஜிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மதியச் சோறு எடுத்துக்கொண்டு காசிமேட்டு ஷெட்டுக்குப் போனேன். பதினான்கு பெண்கள் குந்தி உட்கார்ந்து உரிக்கிறார்கள். உள்ளே மூத்திர நெடி போல் காரமான வாடை. எனக்கும் கண்ணில் தண்ணீர்.

ஃபாக்டரிகள் சூழ்ந்த நம் பக்கத்தில் வாடை புதிதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப் பெயர் வைத்திருக்கிறோம். இது மணலி, அது எண்ணூர். வந்தால் கதவைச் சாத்துவோம், காற்று மாறினால் திறப்போம். மேஸ்திரி ராசையாவும் அப்படியே ஷட்டரை இறக்கினார். “மணலி வாடைவே. காத்து திரும்பினா போயிரும்” என்றார்.

கண்டது: படகுக் கொடிகள் கரையைப் பார்த்துப் பறக்கின்றன. கடல் காற்று என் முகத்தில் அடிக்கிறது; மணலி இருப்பது என் முதுகுப் பக்கம். ஷட்டரை இறக்கிய பிறகு வாடை கூடியது.

நினைத்தது: எழுதப் பயமாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

ஷெட்டின் பின்சுவரை ஒட்டி ஐஸ் கம்பெனி. இன்று அந்தப் பக்கம் சுற்றிப் போனேன்.

கண்டது: சுவரோரம் ஓடும் குழாயில் ஓர் இணைப்பைச் சுற்றிக் கோணிச்சாக்கு கட்டியிருக்கிறது. கொளுத்தும் வெயிலிலும் அது ஈரம். ஓர் ஆள் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வந்து, அதன்மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடினான்.

டீச்சர் இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை. ஐஸ் கம்பெனிக் குழாயில் அம்மோனியா ஓடும், அது தண்ணீரில் கரையும், கசிவை அடக்கத்தான் நனைக்கிறார்களோ என்னவோ என்றார். “இதுவும் ஊகம்தான் ஐயா. ஆனா உடனே போய்ச் சோதிக்க வேண்டிய ஊகம்.” கசிவு பக்கத்திலேயே என்றால், ஷட்டரை மூடுவது வாயுவை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் என்றும் சொன்னார். தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுதச் சொன்னார், கண்டதை மட்டும்.

ஜூலை 16, புதன்

எழுதினேன். ஒன்பது வரி. என் முதல் மனு. செங்கொடி வாங்கிப் படித்தாள்.

“நைனா, இத்தக் குடுத்தின்னா ஷெட்ட மூடிடுவாங்க. பதினாலு வூட்டுப் பொழப்பு. பேஜாரு பண்ணாத.”

அவள் சொல்வதும் பொய்யில்லை. வாடை வந்தால் ஷட்டரை இறக்க விடாதே, தூக்கு என்று மட்டும் சொன்னேன். சரி வாத்தியாரே என்றாள். மனுவை மடித்து நோட்டுக்குள் வைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

சாக்கு இரண்டாகிவிட்டது.

ஜூலை 21, திங்கள்

குழாய்க் கசிவைப் பற்றி ராசையாவிடம் நேரில் சொன்னேன். “கையெழுத்து போடத் தெரிஞ்சதும் பெரியவருக்கு ஆபீசர் நெனப்பு வந்துட்டு” என்றார். பெண்கள் சிரித்தார்கள். ஹஃப்சாவும், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஜூலை 23, புதன்

கண்டது: சாக்குகள் இல்லை. அந்த இடத்தில் புது பெயிண்ட். வாடை இல்லை.

நினைத்தது: சரி செய்துவிட்டார்கள். அப்பாடா.

ஜூலை 25, வெள்ளி

காலைல பத்து மணிக்கு டமார்னு சத்தம். பின்சுவர் மேல வெள்ளப் புகையாட்டம் வந்துச்சாம். ராசையா ஓடிப்போய் ஷட்டரத்தான் இறக்கினாரு. கெட்ட எண்ணம் இல்ல. பொறந்ததுலேர்ந்து பழக்கம். செங்கொடி அவரத் தள்ளிட்டு, எறா கூடைய அடியில குடுத்து ஷட்டரத் தூக்கிட்டா. எல்லாரும் அது வழியா குனிஞ்சி வெளிய வந்துட்டாங்க. பின்சுவர்கிட்ட உக்கார்றவ ஹஃப்சா. அவ கடைசி. கண்ணத் தொறக்க முடியாம, சுவரத் தடவிகினு.

மனு நோட்டுக்குள்ளயே கீது. நான் ஏன் குடுக்கல? ஏன்?

ஜூலை 28, திங்கள்

ஆய்வாளர் ஆபீசில் மனுவைக் கொடுத்தேன். பத்தாவதாக ஒரு வரி சேர்த்தேன்: இது ஜூலை 16 அன்றே எழுதப்பட்டது. வாங்கியவர் அந்த வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நகலில் சீல் வைத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஹஃப்சாவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். இடது கண் தெரிகிறது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும். என் நோட்டில் இருந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன், மடித்து வைத்த மனுவையும். “எனக்குப் படிச்சிக் காட்டியிருந்தாலும் நானும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன், நைனா” என்றாள். என் மனம் ஆறவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூடிக் கிடந்த ஷெட்டைத் திறந்துவிட்டார்கள். மனுவுக்குப் பதில் வரவில்லை. செங்கொடி ஏழு மணிக்கே போய்விட்டாள். நான் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐஸ் கம்பெனி ஓடும் சத்தம் இங்கே கேட்கிறது. பின்சுவரை ஒட்டி, ஹஃப்சாவின் இடத்தில் சிவந்தி என்று ஒரு புதுப் பெண் உரிக்கிறாள். உள்ளே போகும்போதே அவளைக் கூப்பிட்டு ஷட்டரைக் காட்டினேன். இந்தக் கிழவனுக்கு என்ன என்பதுபோல் பார்த்தாள்.

அடுத்த திங்களும் இதே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவேன். கண்டது ஒன்றுமில்லை என்று எழுதும்படி இருக்கட்டும்.