என் சக்கரமும் டீர்க்கின் அணையும்

மார்ச் 3, 1783

இன்றும் மில் சக்கரம் முழங்காலளவு தண்ணீரில் நின்று திணறியது. ஒரு மூட்டை தானியம் அரைக்க நண்பகலாகிவிட்டது. கீழே டீர்க்கின் இரும்புப் பட்டறையில் மட்டும் சம்மட்டி ஜோராக விழுகிறது. அணையை உயர்த்திவிட்டான், தண்ணீர் எதிர்த்து ஏறி என் சக்கரத்தடியில் தேங்குகிறது. என் கணவரின் கூடப்பிறந்த தம்பி! அவர் உயிரோடு இருந்தால் இந்தத் துணிச்சல் வருமா?

மார்ச் 9

தேவாலய வாசலில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"அண்ணி, அணை எவ்வளவு உசரம் இருக்கலாம்னு நட்ட அளவுமுளை அங்கேயேதான் நிக்குது. அதுக்கு மேல ஒரு விரற்கடை இருந்தா என் மூக்கை அறுங்க" என்றான்.

முளையையே பிடுங்கி உயர்த்தி நட்டிருப்பான். "திருடா" என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

மார்ச் 12

முளையைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்லச் சத்தியம் செய்துகொடுத்த ஊர்ச் சத்தியக்காரர் நால்வருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். வரட்டும்.

மார்ச் 19

வந்தார்கள். முளை நட்ட அன்று அதனடியில் சாட்சியாகப் புதைத்த கரியையும் ஓட்டுத்துண்டையும் தோண்டிப் பார்த்தார்கள். அப்படியே இருந்தன. முளையை யாரும் தொடவில்லை. டீர்க்கின் அணை முளைக்கு ஒரு விரல் தாழ்வாகவே இருக்கிறது.

பிறகு நால்வரில் மூத்தவர் எங்கெல்பெர்ட் என் சக்கரத்துக்குக் கீழே கோலை விட்டார். ஆளுயர ஆழம் இருந்த இடத்தில் முழங்காலளவுதான். ஒரு பிடி அள்ளிக் காட்டினார். இரும்புக் கசடு கொஞ்சம், மீதியெல்லாம் மணல்.

"வருஷா வருஷம் மதகைத் தூக்கி உன் மில் குளத்து மணலை அலசி விடுறியேம்மா, அது நேரா கடலுக்குப் போகும்னு நெனச்சியா? அவன் அணை மறிக்குது, உன் காலடியிலேயே உக்காந்துடுச்சு."

இருபது வருஷம்! நானே கொட்டியிருக்கிறேன். எல்லாரும் முளையைத்தான் பார்த்தோம் — ஆற்றின் தரையை யார் பார்த்தது?

டீர்க் சொன்னான்: "உங்க பக்கத்துக் கரையில நாங்க கொட்டுற கசடும் இருக்கே, அண்ணி. பட்டறையில பதினோரு பேர் இருக்காங்க. சேர்ந்து வாரிடலாம்."

திருடன்னு சொன்ன வாயால சரின்னு எப்படிச் சொல்றது? "உன் தயவு எனக்கு வேண்டாம், போடா" என்றேன்.

மார்ச் 24

தனியாக வாரினேன். ஒன்பது கூடை. இடுப்பு ஒடிந்துவிட்டது.

ஏப்ரல் 6

பனி உருகி வெள்ளம். மேடேறிய ஆறு தண்ணீரைத் தாங்கவில்லை. நண்பகலில் என் சக்கரத்துக்கு மேற்புறம் இடது கரையை உடைத்துக்கொண்டு புல்வெளி வழியே பாய்ந்தது. டீர்க்கின் அணைக்கும் கீழே போய்த்தான் பழைய ஆற்றில் சேர்கிறது. என் சக்கரம் காய்கிறது. அவன் சம்மட்டியைத் தூக்கும் சக்கரமும்.

ஏப்ரல் 8

சம்மட்டிச் சத்தம் இல்லை. இதைத்தானே ஆசைப்பட்டேன், பாவி?

ஏப்ரல் 21

கரையை அடைக்க ஆள் கேட்டுப் பட்டறைக்குப் போனேன். டீர்க் நாற்காலி இழுத்துப் போட்டான்.

"அன்னைக்குச் சரின்னிருந்தா வந்திருப்பாங்க அண்ணி. வேலை இல்லாம எத்தனை நாள் உக்காருவாங்க? மேல் பள்ளத்தாக்குப் பட்டறைக்குப் போயிட்டாங்க. நாளைக்கு நானும் கிளம்புறேன்."

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மே 14

கரை இன்னும் உடைந்தபடியே கிடக்கிறது. சந்தையில் மாவு வாங்கினேன். கரகரவென்று கல்தூள். "உங்க மில்லு மாவு மாதிரி வருமா?" என்று விற்றவளே சிரித்தாள். பையைக் கட்டினேன்.